விற்ற வாக்கியம்

ஆவடி,
நவம்பர் 1993

அன்புள்ள சுசீலாவுக்கு,

சித்தி எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு லோகநாயகி அக்காவுக்கு போன் செய்து நீ "வீட்ல எல்லாரும்?" என்று கேட்டபோது "இருக்கோம்" என்று சொன்னேன். அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டதைச் சொல்லவில்லை. நீ டெல்லியில் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன், இங்கே நான் சுகம், அப்பா சுகமில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் ஷிஃப்டுக்குக் கிளம்பி ஷூ போட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஃபாக்டரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து இப்போது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேச்சு குழறுகிறது, எனக்குப் புரிகிறது. இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், வருமா வராதா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. இவ்வளவையும் போனில் சொல்லியிருக்கலாம். லோகநாயகி அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லு சொல்லு என்று கையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ரிசீவரைக் காதில் வைத்ததும் டெல்லிக்குக் கிளம்பின அன்றைக்கு சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து நீ சொன்னது எனக்குக் கேட்டது. "சித்தி, என்னை வரவைக்கணும்னு அப்பா படுத்த படுக்கைன்னு மட்டும் எழுதிடாதீங்க, உங்க டெக்னிக் எல்லாம் எனக்குத் தெரியும், நான் நம்பவே மாட்டேன்" என்று சிரித்துக்கொண்டு சொன்னாய். நானும் சிரித்தேன். உனக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டாருக்குத் தான் கொடுத்த வாக்கை நீ மதிக்கவில்லை என்று அப்பா அன்றைக்கு வாசல் வரைக்கும்கூட வரவில்லை. ஒன்றரை வருஷமாகிறது, நீயும் வரவில்லை, அவரும் கூப்பிடவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை நீ நம்புகிற மாதிரி எழுதியாக வேண்டும். அந்த ஒரு வேலைதான் எனக்கு இப்போது வராமல் இருக்கிறது.

போன கடிதத்தில் நீ கேட்டிருந்தாய், ஆபீஸ் வேலையோடு பத்திரிகைகளுக்கு எழுதலாம் என்று பார்க்கிறேன், கரோல்பாக்கில் ஒரு மொழிபெயர்ப்பு ஏஜென்சியும் இருக்கிறது, ஆனால் போய் எனக்கு வேலை கொடுங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, நீங்கள் எப்படி ஆரம்பித்தீர்கள் சித்தி என்று. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் அப்பாவைப் பற்றியும் எழுத வேண்டிவருகிறது, இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை. பொறுமையாகப் படி.

நான் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது உனக்கும் எனக்கும் வயதில் பெரிய வித்தியாசமில்லை, அம்மா என்று கூப்பிடு என்று உன்னை நான் கேட்டதும் இல்லை. லைப்ரரியில் எடுத்துவந்த புத்தகங்களை நீ ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலுமாகப் படித்துத்தான் நாம் சிநேகமானோம். அப்போதே கதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். சுயவிலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டி உள்ளே ஒரு கவர் வைக்க வேண்டுமே, அந்தக் கவர் மட்டும் ஒரு தடவைகூடத் தொலையாமல் பத்திரமாகத் திரும்பி வந்துவிடும். லோகநாயகி அக்கா தன் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை அடிக்க மண்ணூர்பேட்டையில் திருவேங்கடத்தின் அச்சகத்துக்குத் துணைக்குக் கூப்பிட்டாள் என்று ஒருநாள் போனேனே, அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. புரூஃபை வாங்கிப் பார்த்தால் சுற்றமும் நட்பும் சூழ என்று இருக்க வேண்டிய இடத்தில் குற்றமும் நட்பும் சூழ என்று இருக்கிறது. நான் விரலை வைத்துக் காட்டினேன். திருவேங்கடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துவிட்டு, அச்சுக் கோக்கிற ஆளைப் பார்த்து "அடப்பாவி, கேடிங்கள எல்லாம் கூட்டிகினு வாங்கன்னா பத்திரிக அடிக்கிற" என்று கத்தினார். பிறகு என்னிடம், "தெனம் இப்டிக்கா வந்து ஒரு பார்வ பாத்துட்டுப் போயேம்மா, எனக்கு மானம் மிஞ்சும்" என்றார். பிழை பார்க்கப் போனவள் வாழ்த்து மடல் எழுதினேன், கடைத் திறப்பு நோட்டீஸ் எழுதினேன், கம்பெனிகளுக்குத் தமிழில் சுற்றறிக்கை எழுதினேன். கதை எழுத நினைத்தவளுக்கு இதெல்லாம் குறைச்சலாக இருந்தது என்பதை உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நான் எழுதியதை யாரோ தேடி வந்து வாங்கிக்கொண்டு போனார்கள், அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

கூச்சத்தைப் பற்றிக் கேட்டாயே, முதன்முதலில் நானாக வேலை கேட்டுப் போனது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் கம்பெனிக்கு. கேட்டில் வாட்ச்மேன் "யாரப் பாக்கணும், இன்னா விக்கிற, அப்பளமா ஊறுகாயா?" என்றார். ஒன்றும் விற்கவில்லை என்றேன். "அப்ப இன்னாத்துக்கு வந்தே?" என்றார். அவர் கேலியாகக் கேட்கவில்லை, பதில் சொன்னால் உள்ளே விட்டிருப்பார். எனக்குத்தான் ஒரு வரியில் சொல்லத் தெரியவில்லை, திரும்பி பஸ் ஏறிவிட்டேன். இதைத்தான் உனக்கும் முதலில் சொல்வேன், நீ என்ன செய்து தருவாய் என்பதை ஒரே வரியில் சொல்லப் பழகிக்கொள், கண்ணாடி முன்னால் நின்றாவது சொல்லிப் பார். நான் விசிட்டிங் கார்டு அடிக்கும்போது எழுத்தாளர் என்று போடச் சொன்னேன். "எழுத்தாளர்னு போட்டா பாவம் பசியில கீதுன்னு நெனச்சிக்குவான், வேல குடுக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு, எழுத்து வேலைகள் செய்து தரப்படும் என்று பஞ்சர் கடை போர்டு மாதிரி திருவேங்கடம் போட்டுக் கொடுத்தார். நீ அந்தக் கார்டைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். ஆனால் அந்தக் கார்டுக்குத்தான் ஆட்கள் வந்தார்கள். இன்னொன்று, வேலை கேட்டுப் போகிற இடத்தில் அவர்கள் போர்டில் இருக்கிற பிழையைச் சொல்லிக் காட்டாதே, கோபம்தான் வரும். அதையே அழகாக வேறு தாளில் எழுதிக்கொண்டுபோய் நீட்டு. வேலை இல்லை என்று சொன்ன இடத்துக்கும் அடுத்த மாதம் போய் நில், அவர்கள் மறந்திருப்பார்கள், உனக்குத்தான் உறுத்தும்.

இவ்வளவும் நானே கற்றுக்கொண்டது. ஆனால் என் பெயர் வெளியே தெரிந்தது இதனால் அல்ல, பார்வதத்தால். பார்வதத்தை உனக்கு ஞாபகமிருக்கும், அச்சகத்துக்குப் பின் சந்தில் இருந்தாளே, எஸ்டேட்டில் ரப்பர் பிசிறு வெட்டுகிற வேலை, புருஷன் இல்லை. மகன் மனோகரனை பஸ் ஸ்டாண்டில் சிநேகிதர்கள் எதிரில் கை ஓங்கி அடித்துவிட்டாள், அவன் அன்றைக்கே காணாமல் போய்விட்டான். பேப்பரில் விளம்பரம் கொடுக்க அச்சகத்துக்கு வந்தாள். என்ன எழுதணும் என்று கேட்டேன். "நடு ரோட்ல வச்சி அட்சிட்டேன், தப்புதான் நைனா, வந்துடுன்னு போடுமா" என்றாள். நான் அப்படியேதான் எழுதினேன். திருவேங்கடம் வாங்கிப் பார்த்துவிட்டு, "இத்தப் படிச்சா அவன் இன்னும் வீறாப்பாத்தான் சுத்துவான், ஆத்தா படுத்துகிச்சின்னு போடு, அடுத்த வண்டில வந்து நிப்பான்" என்றார். "நான் எங்க படுத்துகினு கீறேன், ஷிஃப்ட் வுட்டு நேரா இங்கதான வரேன்" என்று பார்வதம் சிரித்தாள். தினமும் பேப்பரில் வருகிற வாசகம்தானே, எல்லாருமே அப்படித்தானே போடுகிறார்கள் என்று நானும் அம்மா படுத்த படுக்கை என்று எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். எல்லா விளம்பரமும் ஒரே மாதிரி இருக்கிறதே, இதை நம்ப வைக்க ஏதாவது வேண்டுமே என்று யோசித்து, கண் திறக்கும்போதெல்லாம் வாசலையே பார்க்கிறாள் என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். அது யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, நானே எழுதியது. படித்துக் காட்டினேன், பார்வதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கே அழுவாச்சி வருது, யாருமா இந்தப் பொம்பள?" என்றாள். எனக்கு அன்றைக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது சுசீலா, அதுவரை எழுதின எந்தக் கதைக்கும் அப்படி இருந்ததில்லை.

மனோகரன் அந்த வாரமே வந்தான். உனக்கு அவ்வளவுதான் தெரியும், திருவேங்கடம் ஊருக்கெல்லாம் சொன்னதும் அவ்வளவுதான். மீதியை பார்வதம் என்னிடம் மட்டும் சொன்னாள், நான் யாரிடமும் சொல்லவில்லை. அவன் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறபோது அவள் தெருக்குழாயில் முறைக்காக யாரோடோ சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டு இடுப்பில் குடத்தோடு நிற்கிறாள். அவன் கையில் பிரெட்டும் சாத்துக்குடியும் ஒரு பையில். அவனைப் பார்த்ததும் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாளாம். "ஒரே வார்த்ததாம்மா கேட்டான், இன்னாமா எழுந்துட்டியான்னான்" என்றாள். பையைக் குழாயடிக் கல்லில் வைத்துவிட்டு வந்த வழியே போய்விட்டான். நான் இதைத் திருவேங்கடத்திடம் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். "பையன் வந்தானா இல்லியா? வந்தான். நம்ம வேல முட்ஞ்சிச்சி. அப்பால இருக்கிறதும் போறதும் அவங்க ஊட்டு சமாச்சாரம்" என்றார். அதற்குப் பிறகு அவர் வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் "இந்தம்மா ஒரு வரி எழுதுச்சின்னா ஓடிப்போனவன் ஊடு வந்து சேருவான்" என்று என்னைக் காட்ட ஆரம்பித்தார். பூந்தமல்லியிலிருந்து வந்தார்கள், திருவேற்காட்டிலிருந்து வந்தார்கள். கார்டைக் கொடுத்துக்கொண்டு அலைந்தவளுக்கு வாசலில் ஆட்கள் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. பெயர் வந்துகொண்டிருக்கும்போது வாயைத் திறக்கத் தோன்றவில்லை. அந்த வாக்கியத்தையே இடம் மாற்றி, ஆள் மாற்றி, அப்பா என்றும் ஆயா என்றும் போட்டு எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்தேன்.

நீ டெல்லிக்குப் போன வருஷ மழைக்காலத்தில் பார்வதத்துக்கு மஞ்சள் காமாலை வந்து முற்றிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், சொல்லியனுப்பினாள், போனேன். முகமே மாறியிருந்தது. "இப்ப மெய்யாலுமே படுத்துகினேன்மா. அதையே போட்டுடு, நல்லா எழுதியிருந்தியே" என்றாள். அங்கே பக்கத்தில் உட்கார்ந்தே எழுதப் பார்த்தேன். அதையே போட்டால் அவன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும். உண்மையாகவே உடம்பு சரியில்லை என்று எழுதினேன், உண்மையாகவே என்ற சொல் வந்ததும் அது பொய் மாதிரி ஆகிவிட்டது. சத்தியமாக என்று எழுதினேன், இன்னும் மோசமாக இருந்தது. காமாலை என்று எழுதினேன், யாரோ யோசித்துப் போட்ட மாதிரி இருந்தது. எந்தச் சொல்லை எடுத்தாலும் நானே முன்பு தொட்டு அழுக்காக்கியதாக இருந்தது. கடைசியில், மனோகரா, இந்த முறை உண்மை, இப்படிக்கு அம்மா என்று மட்டும் போட்டுக் கொடுத்தேன். பேப்பரில் வந்தது. அவன் வரவில்லை. பார்வதத்தின் தம்பிதான் கொள்ளி வைத்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மனோகரன் அச்சகத்துக்கு வந்தான். பெங்களூரில் லேத் வேலையாம், அச்சகத் தெரு லாரிக்காரர் யாரோ சொல்லித்தான் அம்மா போனது தெரிந்ததாம். என்னைப் பார்த்து "நீங்கதான் எழுதுறதாமே அக்கா" என்றான். கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டாவது விளம்பரத்தையும் பார்த்தானாம். டீக்கடையில் சிநேகிதனுக்குப் படித்துக் காட்டி "மச்சான், எங்கம்மா மறுபடியும் படுத்துகிச்சி பார்ரா" என்று சிரித்தானாம். அதைச் சொல்லும்போதும் லேசாகச் சிரித்தான். பிறகு, "மொத தபா போட்டீங்களே, கண்ணு தொறக்கும்போதெல்லாம் வாசலப் பாக்குதுன்னு, அது சூப்பரா இருந்துச்சிக்கா, அதுக்கோசரந்தான் வண்டி ஏறுனேன்" என்றான். பாராட்டித்தான் சொன்னான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கடசில மெய்யாலுமே அப்டி பாத்துகினு இருந்துச்சாக்கா?" என்று கேட்டான். அந்த வார்டில் அவள் கட்டில் சுவரை ஒட்டி இருந்தது, வாசல் அவள் தலைக்குப் பின்னால். ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத திருவேங்கடம் முந்திக்கொண்டு "ஆமாம்பா, உன்னியேதான் கேட்டுகினு இருந்துச்சி" என்றார். மனோகரன் அவரைப் பார்த்து, "இதுவும் விளம்பரமா அண்ணாத்தே?" என்றான். கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடிக்கத்தான் வந்திருந்தான். நான் பேனாவை எடுத்தேன். "பேரும் தேதியும் போதுங்கா, வேற ஒண்ணும் எழுத வேணாம்" என்றான். அப்படியே அடித்துக் கொடுத்தோம்.

அதற்குப் பிறகு காணவில்லை விளம்பரம் நான் எழுதுவதில்லை. திருவேங்கடத்துக்கு வருத்தம்தான், "சாமி வர்ற நேரத்துல கோயில சாத்திட்டியேம்மா" என்கிறார். வருகிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள். அது பரவாயில்லை. ஆனால் எங்கேயாவது குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் எழுந்துட்டியா என்று யாரோ கேட்கிற மாதிரி இருக்கிறது. இதெல்லாம் நம்புகிறவள் இல்லை நான், உனக்கே தெரியும், நிறையப் படித்திருக்கிறேன், மனசு எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, சத்தம் கேட்கத்தான் கேட்கிறது. இந்த மழையில் குவார்ட்டர்ஸ் முழுக்கக் கூரைக் குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது.

இப்போது அப்பா. கட்டிலை முன்னறையில் போட்டிருக்கிறேன். அவர் எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கிறார் என்று நான் எழுத மாட்டேன். எழுத எனக்கு உரிமை இல்லை, அந்த வாக்கியத்தை நான் விற்றுவிட்டேன். விற்காமல் வைத்திருப்பதை மட்டும் சொல்கிறேன். இடது கையால் சாப்பிடப் பழகுகிறார், சட்டையில் சிந்தினால் என்மேல் எரிந்து விழுகிறார். ரசத்தில் உப்பே இல்லை என்று சண்டை போட்டார், டாக்டர் குறைக்கச் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை, போட மறந்துவிட்டேன் என்றேன். உன்னைக் கேட்கிறார் என்று எழுதினால் உனக்கு நன்றாக இருக்கும், ஆனால் அவர் கேட்கவில்லை, ஒரு தடவைகூட உன் பெயரைச் சொல்லவில்லை. ரேடியோவில் செய்தி முடிந்து வானிலை சொல்லும்போது மட்டும் என்னைப் பேசாதே என்று சைகை காட்டுகிறார். டெல்லிக் குளிர் எவ்வளவு என்று சொன்னார்கள் என்றால் அதை என்னைத் திரும்பச் சொல்லச் சொல்கிறார், ரேடியோவில் டெல்லி வராவிட்டால் "தெக்க மட்டும் சொல்றான் பாரு" என்று குழறிக்கொண்டு ரேடியோவை அணைக்கச் சொல்கிறார். இதை நான் ஜோடிக்கவில்லை. ஜோடிப்பதாக இருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

வா என்று நான் எழுதவில்லை. வராதே என்றும் எழுதவில்லை. லீவு கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டு நீயே முடிவு செய். என்னை நம்ப முடியவில்லை என்றால் லோகநாயகி அக்காவுக்கு போன் போட்டு நான் பக்கத்தில் இல்லாதபோது கேள். கரோல்பாக் ஏஜென்சிக்குக் கண்டிப்பாகப் போ, கூச்சப்படாதே, முதல் தடவை திரும்பி வந்தால் இரண்டாவது தடவையும் போ, ஆபீஸ் வேலையை மட்டும் இப்போதைக்கு விடாதே. உன்னைப் பற்றி நீயே நல்லதாக நாலு வார்த்தை சொல்லிக்கொள்வதில் தப்பே இல்லை, எழுதுகிறவர்களுக்கு அது வேண்டும், எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் ஒரு வாக்கியத்தை விற்கும் முன் அது உனக்கு வீட்டில் என்றைக்காவது தேவைப்படுமா என்று ஒரு நிமிஷம் பார்த்துக்கொள். நான் பார்க்கவில்லை.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், தீர்க்காயுசாக இரு. அப்பா சொல்லாத ஆசீர்வாதத்தையும் சேர்த்தே எழுதுகிறேன், அது அவரிடம் இருக்கிறது. கம்பளிச் சட்டையை வெயிலில் காயவைத்து உதறிப் போட்டுக்கொள், போன வருஷம் மாதிரி அரிப்பு வரப்போகிறது. காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறாதே.

உன் சித்தி,
தாட்சாயிணி

பி.கு. ஒட்டின கவரைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். இன்று காலை லோகநாயகி அக்கா என்னைக் கேட்காமல் போஸ்ட் ஆபீஸுக்குப் போய் உனக்குத் தந்தி கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். "நீ பாட்டுக்கு எழுதிகினே இரு, நான் ரெண்டு வார்த்தல முட்ச்சிட்டேன்" என்கிறாள். அப்பா சீரியஸ், உடனே புறப்படு என்று வாசகம். அனுப்பியவர் என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறாள். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அது உன் கைக்கு வந்திருக்கும்.